ஒன்பதாம் நாற்காலி

வெர்னா மேப்ரி கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி என்று அந்த மாவட்டத்தில் யாரும் சொன்னதில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்தான் அவளுக்குப் பேர். வக்கீலாவதற்கு முன்னால் பதினோரு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்திருந்தவள்; முகம் தெரியாதவர்களின் தயக்கங்களைக் காதில் மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்கியவள். மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, நாற்பது வயதில், நீதிமன்றத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடையின் மாடியில் ஓர் அறை பிடித்தாள். டிராக்டர் திருட்டு, வேலித் தகராறு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று அவளிடம் வந்ததெல்லாம் சில்லறை வழக்குகள்.

எண்பத்தேழாம் வருடம் அக்டோபரில் ரூபன் டூலி வந்தான். பருத்தி ஜின்னிங் மில்லுக்குத் தீ வைத்தான் என்பது வழக்கு. அதற்கு முந்தின வாரம்தான் அங்கே அவன் வேலை போயிருந்தது. மேற்கு டென்னசியின் அந்த மூலையில் பாதிக் குடும்பங்களின் வெள்ளாமை அந்த மில்லோடு எரிந்துபோனது. குற்றவாளி என்று ஜூரி சொன்னால் இருபது வருடம். அவன் மகளுக்கு ஆறு வயது.

தீர்ப்புச் சொல்லப்போகிற ஜூரியைப் பொறுக்குகிற நாளில் ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரை நாற்காலிகளுக்குக் கூப்பிட்டார்கள். இரு தரப்பும் காரணமே சொல்லாமல் எட்டு எட்டுப் பேரை விலக்கலாம். துண்டுச் சீட்டில் பெயர் எழுதி நீதிபதியிடம் நீட்டினால் போதும். காலியான நாற்காலியில் பட்டியலில் அடுத்த ஆள் வந்து உட்காருவார்.

ஒன்பதாம் நாற்காலியில் ஹாலிஸ் கிரேன் என்ற விவசாயி. குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறவனைப் பார்த்ததும் என்ன தோன்றுகிறது என்று வெர்னா கேட்டதும் அவர் எழுந்தார்.

"போலீஸ் ஒருத்தனைக் கொண்டுவந்து அங்க உக்கார வெச்சிருந்தா, அவன் ஏதோ பண்ணியிருப்பான்னுதான் மேடம் எனக்குத் தோணும்."

மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த ரூபனின் முழங்கால் நின்றது. அந்த ஊர் வக்கீல்கள் வழக்கமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். மல்லுக்கட்டி, சட்டம் சொல்லி, 'சரி, நியாயமா இருப்பேன்' என்று அவர் வாயாலேயே வரவழைத்து, அவரை அதே நாற்காலியில் ஆணியடித்துவிட்டு ஜெயித்த களிப்பில் உட்காருவார்கள். அதைப் பார்த்த மற்றவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

வெர்னா அவருக்கு நன்றி சொன்னாள். "இத்தனை பேர் முன்னாடி இதைச் சொல்றது லேசில்ல, மிஸ்டர் கிரேன். வேற யாருக்கு இப்படித் தோணுது?"

யாரும் அசையவில்லை. அவளும் அசையவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு கை முழங்கை மட்டத்துக்கு எழுந்தது, தண்ணீரின் ஆழம் பார்க்கிற மாதிரி. பிறகு இன்னொன்று. கடைசியில் ஏழு கைகள். எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் அவளுக்கு மேல் சிலிர்த்தது. கட்டினவளிடம்கூட மறைக்கிறதை ஒருவன் முன்பின் தெரியாதவளிடம் கையுயர்த்திச் சொல்கிறான். யாரோ கேட்டார்கள், கேட்டுவிட்டுத் திட்டவில்லை என்பதற்காக மட்டும்.

அந்த ஏழு பேரையும் கிரேனையும் நீதிபதி தனித்தனியாக விசாரித்தார். மனதை மாற்றிக்கொள்ள முடியாது என்ற ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு பேர் மாற்றிக்கொள்வோம் என்றார்கள். கிரேன் மட்டும் வெகுநேரம் யோசித்தார்.

"முடியும்னு அடிச்சுச் சொல்லமாட்டேன், ஐயா. முயற்சி பண்றேன்."

அது போதும் என்றுவிட்டார் நீதிபதி.

மாலைக்குள் வெர்னாவின் ஏழு சீட்டுகள் செலவாகியிருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று கிரேன். மற்றது நாலாம் நாற்காலியில் லொரீன் விக்கர்ஸ், தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறவள்; எதைக் கேட்டாலும் இனிக்க இனிக்கப் பதில் சொன்னவள்.

ரூபன் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். "மிஸ் வெர்னா, அந்த விவசாயியத் தூக்கிடுங்க. அந்தம்மா என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்கப்பா. ஆனா நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும்."

"நான்தான் பண்ணேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரே."

"சொல்லிட்டாரு. அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

பேனா காகிதத்தின் மேல் நின்றது. கணக்குத் தப்பினால் உள்ளே போகப்போவது அவளல்ல. விக்கர்ஸ் என்று எழுதி மடித்தாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அரசு வக்கீல் பீஸ்லி வழி விட்டு நின்று, ஒன்பதாம் நாற்காலியைத் தனக்குப் பரிசாக விட்டுவைத்ததற்குத் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரணை நாலு நாள் நடந்தது. ஜூரி உள்ளே போய் ஒன்றரை நாள் கதவு திறக்கவில்லை. இடையில் ஒரு சீட்டு மட்டும் வந்தது: விசாரணையில் காட்டின பெட்ரோல் கேன் படங்களை மறுபடி பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல், குற்றவாளி அல்ல என்றார்கள். ரூபன் நெற்றியை மேசைமேல் வைத்து அப்படியே கிடந்தான்.

ஜூரி அறைக்குள் நடந்ததை வெர்னா யாரிடமும் கேட்பதில்லை. டிசம்பரில் தீவனக்கடை வாசலில் கிரேனைப் பார்த்தபோதும் காலை வணக்கம் மட்டும் சொன்னாள். மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"இப்பவும் அந்தப் பையன்தான் வெச்சிருப்பான்னு எனக்குத் தோணுது, மேடம்."

அவள் காத்திருந்தாள்.

"உள்ள ரெண்டு பேரு, குத்தவாளின்னு போட்டுடலாம்னாங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கு, ஆனா நமக்குத் தோணுறது இந்த மேசை மேல இல்லையேன்னேன். மேசை மேல இருக்கிறதை மட்டும் எடுத்து எடுத்துப் பாத்தோம். பத்தல." கையுறையைக் கழற்றித் தட்டினார். "என் தம்பியோட பஞ்சும் அதுல போச்சு. அவன் என்கூடப் பேசறதில்ல."

ஜூரி பொறுக்கின அன்று தம்பியைப் பற்றி அவள் கேட்டிருக்கவே இல்லை. கிரேன் அவள் காலடியில் இருந்த பறவைத் தீவனப் பையைத் தூக்கி, அவள் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் லாரி சாலையில் திரும்பி மறைகிறவரை வெர்னா சாவியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள்.