நிலூ அக்கா "இவரய்" என்று சொன்ன வெள்ளிக்கிழமை

டிக்... டிக்... டிக்...

மணிக்கூடு இல்லை. எங்கள் லெப் சேர்வரின் ஹார்ட் டிஸ்க்.

புத்தளம் டவுனில், இரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு சின்ன லெப். என் முதல் வேலை. சேர்வர் இருந்த அறையில் ஸ்பிரிட் வாசமும், ஜன்னல் வழியே வரும் களப்புக் காற்றின் உப்பு வாசமும் கலந்தே கிடக்கும். இன்றைக்கும் ஊசி போட முன் பஞ்சால் துடைத்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் சாகப் போகிறது என்று அர்த்தம். முதலாளி ரஷீன் நானா உடனே புது சேர்வர் வாங்கித் தந்தார். பழையதை அப்படியே குளோன் எடுத்து அதில் போட வேண்டும். தொடங்கினேன். புதியதில் இடம் காணாது என்று பாதியில் நின்றது.

பார்த்தால்... டேட்டா கொஞ்சம்தான். மீதியெல்லாம் லொக், அதாவது நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பு. இங்கே ஒரு ரிப்போட்டைப் பதிந்தால் அது லொக்கிலும் எழுதப்படும். சிலாபம் கிளையிலிருந்த மெஷின் அந்த லொக்கை வாசித்து, தன்னிடமும் அதையே பதிந்துகொள்ளும். வாசித்து முடிந்ததை அழி என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. மீன் கழுவின செதிலையெல்லாம் வீட்டுக்குள்ளேயே சேர்த்து வைத்த மாதிரி.

"அப்ப அழிச்சுப் போடுங்களே தங்கச்சி," என்றார் நானா.

"ஏலாது நானா. சிலாபத்துல லைன் கட்டாகிக் கிடந்து நேத்துத்தான் வந்திரிக்கி. அவங்க வாசிச்சு முடிக்க முந்தி அழிச்சா அங்க உள்ள கொப்பி பாழ். இங்க டிஸ்க்கும் போனா ரெண்டும் இல்ல."

லைன் இல்லாத நாட்களின் ரிப்போட்டுகள் அந்தச் சாகப் போகிற டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. என் உம்மாவுடையதும் அதில் ஒன்று. கிட்னி வருத்தம். டொக்டர் பழைய ரிப்போட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். உண்மையாகவே பயந்துபோனேன். காலையில் பாண்கூட இறங்கவில்லை.

சேர்வரை நிறுத்த ஒரே நேரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைதான். லெப் பூட்டிவிடும், புதுப் பதிவு வராது. நானா தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் துஆ கேக்கிறன், நீங்க வேலையப் பாருங்க," என்று போய்விட்டார்.

சிலாபம் மெஷினுக்குள் இங்கிருந்து போய்ப் பார்க்க வழியில்லை. அந்தக் கிளையில் வேலை செய்த நிலூ அக்கா, வாசித்து முடிந்ததென்று கோல் எடுத்துச் சொன்னால்தான் தெரியும். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்கிறது... டிஸ்க் டிக் டிக் என்கிறது... நான் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடித்தது.

"நங்கி... ஒக்கோம இவரய்."

தங்கச்சி, எல்லாம் முடிந்தது. சிங்களத்திலும் நம் தமிழைப் போலத்தான்... வேலை முடிந்தாலும் முடிந்தது, ஆள் முடிந்தாலும் முடிந்தது. அக்காவின் குரலோ அமுங்கி, இழுபட்டு வந்தது.

"கொப்பி போயிட்டா அக்கா?"

"எங்க போறது நங்கி? நான் சோறு சாப்புடுறது. வாசிச்சு இவரய். பாக்கி ஒண்டும் இல்ல, சைபர் காட்டுது."

வாயில் சோறு... அவ்வளவுதான் விஷயம். அந்த அறையில் தனியாக நின்று சிரித்தேன், கண்ணும் கலங்கிவிட்டது.

சிலாபம் வாசித்து முடித்த லொக்கையெல்லாம் அழித்தேன். டிஸ்க்கில் பெரும்பகுதி காலியானது. சேர்வரை நிறுத்தி, குளோனை மறுபடி தொடங்கினேன். இந்த முறை நிற்கவில்லை. புதியதில் முதல் தேடினது உம்மாவின் பெயரைத்தான். இருந்தது.

நானா தொழுதுவிட்டு வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "நானா... ஒக்கோம இவரய்," என்றேன்.

மனிதர் அப்படியே கதிரையில் உட்கார்ந்து, மரணச் செய்தி கேட்டவர் போல "இன்னா லில்லாஹி..." என்று தொடங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வேலை முடிஞ்சு நானா, வேலை."

"நல்ல புள்ள நீங்க. என்ட உசிரும் இவரயாகப் பாத்துச்சு."

இப்போது வேறு இடத்தில் வேலை. லொக் தானாக அழிகிறது, குளோனுக்கு ஒரு கிளிக், முடிந்தால் போனுக்கு மெசேஜ். நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாயில் சோற்றோடு யாரும் கோல் எடுப்பதில்லை.

போன கிழமை உம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போனேன். சிங்கள டொக்டர். லெப் ரிப்போட்டுகளை ஸ்கிரீனில் கீழே... கீழே... இழுத்துப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய ரிப்போட்டும் அதில் வந்து போனது. பிறகு சரியென்று தலையாட்டி, "ஹரி அம்மா, இவரய்," என்றார்.

மன்னாரிலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் உம்மாவுக்குச் சிங்களம் பிடிபடவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என்ன மகள் சொல்றார்?"

"முடிஞ்சாம் உம்மா... மருந்து கூட்டல்ல. வீட்ட போகலாமாம்."