நான் எழுதிவைத்த சாப்பாடு

முப்பது வருடமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் என் எழுத்தை மனதாரப் பாராட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் இலக்கியவாதி இல்லை, மருத்துவமனையில் உணவு ஆலோசகர். பாராட்டியதும் என் கட்டுரையை அல்ல. என் மனைவி என்ன சாப்பிட்டாள் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பேட்டை.

"இந்த ஸ்டடியிலேயே பெஸ்ட் டைரி உங்களோடதுதான் அங்கிள். எல்லாரும் 'சோறு, கறி'ன்னு ரெண்டு வார்த்தை கிறுக்கிட்டு வந்துடுறாங்க. நீங்க எழுதியிருக்கறதப் படிச்சா எனக்கே பசிக்குது."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு வரும்வரை நான் தரையில் நடக்கவில்லை. அந்தக் குறிப்பேட்டில் இருந்ததில் பெரும்பகுதி பொய். என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். அவளுக்குச் சர்க்கரை பதினைந்து வருடமாக இருந்தது. அது மெல்ல மெல்ல சிறுநீரகத்துக்குக் குடிபோனது. இப்படியே போனால் டயாலிசிஸ்தான் என்று மருத்துவர் சொன்னார். காரில் ஏறிய பிறகு அவள் சொன்னாள்: "அந்த நாற்காலியில மட்டும் என்னை உட்கார வச்சிடாதீங்க." கிள்ளானில் அவளுடைய அக்கா வாரம் மூன்று நாள் அந்த டயாலிசிஸ் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கிருந்து வந்ததும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதை இவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

ஆகவே இந்த ஆராய்ச்சி எங்களுக்குக் கோயில் கதவு திறந்ததுபோல வந்தது. சிறுநீரகம் தேய்வதைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி. சேருகிறவர்கள் எல்லாரும் புரதத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். அதில் குறைவதை ஈடுகட்ட ஒரு சத்து மாத்திரை. பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கே தெரியாது.

"அப்போ நான் ஒரு வருஷம் வெறும் மாவ முழுங்கினாலும் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியாது ஆன்டி," என்றார் உணவு ஆலோசகர். காஜாங்கிலிருந்து ரயிலேறி வேலைக்கு வரும் நம் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும்.

"பரவால்ல லா. இவரையும் அப்படித்தான் வச்சிருக்கேன், இருபத்தாறு வருஷமா. அசலா டூப்பான்னு இன்னும் தெரியல."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து இருவரும் ஒரே கட்சி. காஜாங் சாத்தேக்கு, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சிக்கு, பேர்போன ஊர். போகும்போதெல்லாம் என் மனைவி அவரை விடமாட்டாள். "காஜாங்ல இருந்துகிட்டு என்னைச் சாத்தே தின்னாதேன்னு சொல்றியே, உனக்கு நாக்கு கூசல?"

"ஒரு குச்சி, ஆன்டி. ஒரே ஒரு குச்சி. மாசத்துக்கு."

"ஒரு குச்சிக்கு எவன் அடுப்பு மூட்டுவான்?"

வீட்டுக்கு ஒரு சமையலறைத் தராசு கொடுத்தார்கள், சாப்பாட்டை நிறுத்துச் சாப்பிட. அவள் சோற்றை நிறுத்தாள், புடலங்காயை நிறுத்தாள், பிறகு என் கட்டுரை வந்த பத்திரிகைத் துண்டைக் கத்தரித்து அதையும் வைத்துப் பார்த்தாள். "நாலு கிராம். படிக்கும்போது இன்னும் லேசா இருந்துச்சு."

தராசோடு ஒரு குறிப்பேடும் வந்தது. மாதத்தில் மூன்று நாள், காலை முதல் இரவு வரை வாயில் போட்டதையெல்லாம் எழுத வேண்டும். "நீங்கதான் எழுத்தாளராச்சே," என்று என் பக்கம் தள்ளினாள். நான் பங்சாரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பிழை திருத்துகிறவன். மற்றவர்கள் எழுதியதில் பொய் எங்கே, பிழை எங்கே என்று தேடிச் சம்பளம் வாங்குகிறேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதங்களில் நாங்கள் செய்தது சின்னத் திருட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் அக்கா வீட்டில் நண்டுக் குழம்பு. அக்காவுக்கும் அது ஆகாது, தங்கைக்கும் ஆகாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டித்துக்கொண்டே ஆளுக்கு இரண்டு நண்டை உடைத்துத் தீர்த்தார்கள். அது குறிப்பேட்டு நாள். "நண்டுன்னு எழுதப்போறீங்களா?" என்று விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள். நான் எழுதினேன்: அரை கப் சோறு, புடலங்காய்ப் பொரியல், ரசம், ஒரு துண்டு பப்பாளி. அவள் வாங்கிப் படித்துப் பார்த்து, "நல்லா இருக்கே, இதையும் சாப்பிட்டிருக்கலாம்," என்றாள். அதுதான் நாங்கள் சேர்ந்து எழுதிய முதல் பொய். இனித்தது.

பிறகு அவளுக்குப் பசி போனது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் காலைத் தோசை பாதியானது. பிறகு மத்தியானச் சோற்றைத் தராசில் வைத்து, நிறுத்து, தட்டில் போட்டு, பிசைந்து, நாலு வாய்க்குப் பிறகு தட்டை நகர்த்திவிடுவாள். இறைச்சி வாடை வந்தால் குமட்டும். ரொட்டி சானாய்க் கடையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள். அந்தக் கடையில்தான் நாங்கள் காதலித்தோம். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் சாப்பிட்டது அந்த மாத்திரைகளை மட்டும்தான். வேளைக்கு ஐந்து. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்து, "சாப்பாடு முடிஞ்சுது" என்பாள்.

குறிப்பேட்டு நாள் வந்தது. காலை: அரை இட்லி. மத்தியானம்: மூன்று கரண்டி மோர்ச்சோறு. இரவு: பிஸ்கட் ஒன்று. இதை அப்படியே எழுதிவிட்டுக் காட்டினேன்.

"இப்படியா எழுதுவீங்க?" என்றாள். "படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க? வீட்ல சோறு போடாம வச்சிருக்காங்கன்னு நெனக்க மாட்டாங்களா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். இந்த ஊரில் நாங்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் என்று எல்லாருமே ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது சாப்பிட்டாயிற்றா என்றுதான். பதிலும் ஒன்றே ஒன்றுதான்: ஆச்சு. கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. சொல்பவர் வயிற்றைக் கேட்டுச் சொல்வதில்லை. இல்லை என்று சொன்னால் கேட்டவருக்குத் தர்மசங்கடம், நமக்கு மானக்கேடு. பட்டினியாக இருந்த காலத்திலும் என் மாமியார் வீட்டில் எல்லாரும் "ஆச்சு" சொல்லியே வளர்ந்தவர்கள். மருத்துவமனை நீட்டிய குறிப்பேட்டையும் நாங்கள் அந்தக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டோம். பதில் தயாராக இருந்தது.

அது மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். இன்னொன்றும் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை என்று தெரிந்தால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்தோம். நீக்கினால் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லை என்றால் நாற்காலி. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்: இட்லி இரண்டு, தேங்காய் இல்லாத சட்னி. சோறு அரை கப், பீர்க்கங்காய், ரசம். மாலையில் சவ்வரிசிக் கஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டது. அந்த ஏலக்காய்தான் எழுத்தாளன். ஏலக்காயைப் படித்த எவரும் கஞ்சியைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஐந்து மாதம் இப்படி எழுதினேன். எழுத எழுத நன்றாக வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எடை காட்டிக் கொடுக்கும் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே எடை. சதை குறைந்த அளவுக்குக் காலில் நீர் சேர்ந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்பாடு மருத்துவர் விளக்கித்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

ஒரே ஒருநாள் மாட்டியிருப்போம். அந்தப் பெண் என் மனைவியின் மேல்கையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பழைய தாளைப் புரட்டினார்.

"ஆன்டி, கை மெலிஞ்சிருக்கே. சரியா சாப்புடுறீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் பார்வையை எனக்கு மொழிபெயர்க்கத் தெரியும். அன்று அதில் இரண்டு இருந்தன. சொல்லிடாதீங்க என்பது ஒன்று. சொல்லிடுங்களேன் என்பது இன்னொன்று. எனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான்மா சாப்புடுறா. எழுதியிருக்கேன் பாரு."

அவர் பார்த்தார். படித்தார். முகம் தெளிந்தது. டேப்பைச் சுருட்டி மேசைக்குள் போட்டார். அன்றைக்குத்தான் பெஸ்ட் டைரி என்று சொன்னது.

அடுத்த மாதம் அவளுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. நுரையீரலில் கிருமி என்றார்கள். எட்டு நாள் வார்டில் இருந்தாள். எதிர்த்து நிற்க உடம்பில் சத்தே இல்லை என்றார் மருத்துவர். வீட்டில் எப்படிச் சாப்பிட்டாள் என்று நடைபாதையில் வைத்து என்னைக் கேட்டார். அப்போது சொன்னேன். முதன்முறையாக.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இன்று கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்டடியிலேர்ந்து எடுத்திருப்போம்," என்றார். "எடுத்துட்டு முட்டை, மீன், பால்னு குடுத்து முதல்ல உடம்பைத் தேத்தியிருப்போம். அதுக்காகத்தான் அந்த டைரியே." பிறகு, "அப்பவும் என்ன ஆயிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது," என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் போட்ட பிச்சை. பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

நீக்கிவிடுவார்கள் என்று பயந்தோம் அல்லவா? நீக்குவதுதான் அவளைக் காப்பாற்ற அவர்கள் வைத்திருந்த வழி.

எட்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அந்த நாற்காலியில் அவள் ஒருநாளும் உட்காரவில்லை. கேட்டதைச் செய்துகொடுத்த கணவன் என்று என்னைச் சொல்லலாம்.

போன மாதம் அந்தப் பெண் கூப்பிட்டார். மீதி மாத்திரைப் புட்டிகளைத் திருப்பித்தர வேண்டுமாம். இவ்வளவு நாள் கேட்கச் சங்கடப்பட்டிருக்கிறார். நான் புட்டிகளைப் பற்றிப் பேசாமல் குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். ஏலக்காய் வரை சொன்னேன். "கேட்டுட்டுச் சொல்றேன் அங்கிள்," என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "திருத்தலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா எழுதினவங்கதான் திருத்தணும்."

போனேன். அதே அறை, அதே மேசை. குறிப்பேட்டைத் திறந்துவைத்துப் பேனாவைக் கொடுத்து விதிமுறை சொன்னார். அழிக்கக்கூடாது. வெள்ளை மை பூசக்கூடாது. தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட வேண்டும். பொய்யும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். முப்பது வருடம் பிழை திருத்துகிறேன், இப்படி நேர்மையான முறையை நான் பார்த்ததில்லை.

கிழித்த அந்த முதல் தாள் மட்டும் மனதில் அப்படியே இருந்தது. அரை இட்லி, மூன்று கரண்டி மோர்ச்சோறு, பிஸ்கட் ஒன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளுக்கு வந்தேன். 'சோறு அரை கப், பீர்க்கங்காய்' என்பதன் மேல் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதப் போனால் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டாள்? யோசித்தால் பீர்க்கங்காய்தான் கண்ணில் வந்தது. அவள் பிசைந்து சாப்பிடுவதுகூடத் தெரிந்தது. நான் கற்பனை செய்த சாப்பாடு அத்தனையும் ஞாபகம் இருந்தது, ஆவி பறக்க, வாசனையோடு. அவள் உண்மையில் சாப்பிட்ட நாலு வாய் என்ன என்பது இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். நானும் அந்த நேரத்தில் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஞாபகம் இல்லன்னா 'தெரியவில்லை'ன்னு எழுதலாம் அங்கிள்," என்றார்.

எழுதினேன். கோடு, தெரியவில்லை, கையெழுத்து, தேதி. கோடு, தெரியவில்லை, கையெழுத்து, தேதி. கடைசியில் முதல் மாதங்களின் பக்கங்களுக்குத் திரும்பி, நண்டுக்கு வந்தபோது மட்டும் கை ஓடியது. நண்டு இரண்டு, குழம்போடு, அக்கா வீட்டில், விரலைச் சப்பியது உட்பட. விரல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

முடிந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. நான் எழுந்தேன்.

"சாப்டாச்சா அங்கிள்?"

"ஆச்சும்மா."

அவர் நகரவில்லை. "நெசமாவா?"

அன்று டேப்போடு நின்றபோது இந்த இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. அதை அவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது.

"இல்ல," என்றேன்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க."

கீழே கேண்டீனில் உட்கார்ந்தோம். அவர் வறுத்த அரிசிச் சேமியாவும் பாலில்லாத தேநீரும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். பீஹூன் கோரேங், அரைத் தட்டு. கட்டஞ்சாயா ஒன்று, சீனி இல்லாமல். மீதியை வைத்துவிட்டேன்.