முகம் வராத படையல்

என் அக்கா புருஷன் தீர்த்தகிரியை நெல்லிவாசல்நாட்டில் பெரிய பக்திமான் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடி வெள்ளி தவறாமல் மலையிறங்கிப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போவார். அம்மன் எதிரே நின்று பாதம், சேலை மடிப்பு, கை, மூக்குத்தி, கண் என்று கீழிருந்து மேலே பார்ப்பார். வீட்டிலும் தினம் விடிகாலையில் கண்ணை மூடி, அதே வரிசையில் அம்மனை மனசுக்குள் நிறுத்துவார். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி பாதத்திலிருந்துதான். இருபது வருஷம் இப்படி. அதுவரை என் அக்கா அம்மாக்கண்ணு சாமைக் களியை மூடி வைத்துக்கொண்டு, தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஓர் ஆடியில் அவளும் கூடப் போனாள். கோயில் வாசலில் போட்டோ பிடிக்கிறவன் இருவரையும் நிற்கச் சொன்னான். அக்காவுக்குக் கொள்ளை ஆசை. "சாமி பாக்க வந்தமா, படம் புடிக்க வந்தமா?" என்று இவர் பாட்டுக்கு நடந்துவிட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். வருஷப் படையல் வந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் கண்ணை மூடி, செத்தவள் முகத்தை மனசில் கொண்டுவந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முகம் வராமல் கூப்பிட்டால் அவள் சாப்பிட வரமாட்டாள். இவருக்கா முகம் வராது என்று எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம்.

கண்ணை மூடினார். இலையில் இருந்த களியின் ஆவி அடங்கியது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பூங்கோத, அம்மன் மூஞ்சிதான் வருது. உங்கக்கா வரமாட்டேன்றா."

"பாதத்துலர்ந்து பாருங்க மாமா."

"அதுவும் தெரியல. எங்க போனாலும் நான் முன்னால நடப்பேன், அவ பின்னாலதான வருவா. கொரலு மட்டும் கேக்குது. 'நீங்க போய்ட்டே இருங்க, வர்றேன்'னு."

நான் விடவில்லை.

"இத்தினி வருசத்துல ஒரு நாளாவது அவ மூஞ்சிய பாத்தீங்களா? கன்னத்துல மச்சம் இருந்துச்சே, அதுகூடவா தெரியல?"

"எந்தக் கன்னம்?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

சொல்ல வாயெடுத்தேன். சந்தேகம் வந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். இடதா வலதா, எனக்கும் தெரியவில்லை. சுற்றி இருந்தவர்களில் ஒருவர் இடது என்றார், இன்னொருவர் வலது என்றார். எனக்கு வந்த அழுகை யாருக்காக என்று எனக்கே தெரியாது.

அவர் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. இன்னொரு இலையை எடுத்துக் களியை மூடினார்.

"நீங்க சாப்புடுங்க. அவ வரட்டும், நான் இருக்கேன்" என்றார்.

பொழுது சாயும்வரை அந்தக் களிக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா தினமும் உட்கார்ந்த இடம் அது.