நான் கொடுத்த மன்னிப்பு

செய்யாத தப்புக்காக ஒரு மனிதர் என்னிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அந்தத் தப்பைச் செய்தவன் நான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது முறை அவரை மன்னித்தேன். இவற்றில் எது பெரிய பாவம் என்று நீங்கள் கேட்டால், அந்த மூன்றாவதைத்தான் சொல்வேன்.

அவர் பெயர் சாம்சன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் மும்பையில். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சொந்த ஊர் மும்பை. சென்னையில் வெகுகாலம் குடும்பத்தோடு இருந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். பெயரை வைத்து அவரைக் கிறிஸ்தவர் என்றே தெருவில் நினைத்தார்கள். "இல்லப்பா, நான் யூதன்" என்பார் சிரித்தபடி. அப்படியென்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஆவணி மாதத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. தினமும் காலையில் மாடியிலிருந்து ஒரு ஊதல் சத்தம். ஆட்டுக்கடாவின் கொம்பு அது. அவர்களுடைய புது வருஷத்துக்கு முந்திய மாதம் முழுக்க அதை ஊதி, தூங்குகிற மனசை எழுப்ப வேண்டுமாம். எங்கள் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? சாவு வீட்டில் ஊதுகிற சங்கு! சைவக் குடும்பங்கள் வாழும் தெரு. விடிந்தும் விடியாமலும் தலைக்கு மேலே அந்தச் சத்தம் என்றால் யார் பொறுப்பார்கள்?

"இன்னாங்க இது, காலங்காத்தால பொணம் எடுக்கற மாதிரி... நீங்க போயி சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள் என் மனைவி வசந்தா.

நான் சொன்னேன். மறுநாளிலிருந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊதினார். அப்போதும் லேசாகக் கேட்டது. அவர் அடங்கிப்போனது எனக்குப் போதவில்லை. காலி செய்துகொண்டு போனால்தான் தேவலை என்று தோன்றியது.

அந்த மாதத்தில் அவர் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எப்போதோ அதட்டிப் பேசிவிட்டேன் என்று, குப்பை வண்டி ஓட்டும் பெண்மணியை நடுத்தெருவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் மிரண்டுபோனாள். யாரிடமெல்லாம் கடுமையாக நடந்தோமோ அவர்களை எல்லாம் தேடிப்போக வேண்டும், புது வருஷம் பிறப்பதற்குள் மனசைக் கழுவிவிட வேண்டும் என்பார். பைத்தியம் என்று நாங்கள் சிரித்தோம்.

இனி என் தப்புக்கு வருகிறேன்... இதுவரை அதைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், பார்த்தீர்களா?

வசந்தா தறி நெய்பவள். நான் பட்டுக் கடையில் விற்பனையாள். அப்போது அவள் தன் தங்கை மகளுக்கு முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தாள். சந்தன நிற உடம்பு, அரக்குக் கரை. வேறு யார் நெய்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்துத் தறியில் ஏற்றிய பாவு நூல் அது. அன்றைக்கு அவள் மாகறல் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். மேல் தொட்டிக்கு மோட்டார் போட்டேன். கடையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே கிளம்பிப்போனேன்.

சாயங்காலம் நான்தான் முதலில் திரும்பினேன். மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வழிந்து, மாடித் தரையில் ஓடி, கூரை விரிசல் வழியாகத் தறிமேல் இறங்கியிருந்தது. அரக்குச் சாயம் சந்தனத்தில் ஊறி... பார்க்கச் சகிக்கவில்லை. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். மாடிக்கு ஓடினேன். சாம்சன் போர்ஷனுக்கு வெளியே இருக்கும் குழாயைப் பார்த்தேன். இறுக்கமாக மூடியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வசந்தா வந்தாள். தறியைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "மேல குழாயத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்காரு."

தானாகவா? இல்லை. அவரைக் காலி செய்ய வைக்க ஒரு காரணம் கிடைத்தது என்பதும் அதே நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது.

சாம்சன் வந்ததும் சொன்னோம். அவர் வாதாடவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று! காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, திறந்து பார்த்தேன், மூடினேனா இல்லையா என்று நினைவில்லை என்றார். தறியைப் பார்த்தார். கண் கலங்கியது.

"என் தப்புதான் செந்தில். அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. நீங்களும் மன்னிச்சிடணும்."

வசந்தா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது முதல் முறை.

காலி செய்யச் சொன்னேன். மும்பைக்கு மகளிடமே போய்விடுவதாகச் சொல்லி, ஒரு வாரத்தில் சாமான்களைக் கட்டினார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "புது வருஷம் வருது. உங்க மனசுல கோவத்த வெச்சிட்டுப் போனா என்னால பிரார்த்தனை பண்ண முடியாதுபா."

நான் கையை உருவிக்கொண்டேன். "வண்டி நிக்குது சார். லேட் ஆவுது." அது இரண்டாவது.

வெறும் ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால், மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு ஏது யோக்கியதை! உண்மையைச் சொல்லத் துணிவில்லை, பொய்யை முழுதாகச் சொல்லவும் கூசியது. அந்தக் கூச்சம்தான் என்னிடம் மிச்சமிருந்த நல்லது என்று இப்போது நினைக்கிறேன். அதையும் தொலைத்தேன்.

சில நாள் கழித்து மும்பையிலிருந்து அவருடைய மகள் பேசினாள். அப்பாவுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உங்களிடம் பேசியே ஆக வேண்டும் என்கிறார் என்றாள். வசந்தா பக்கத்தில் நின்றாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"செந்தில்... இன்னும் கோவமாபா?" குரல் காற்று மாதிரி வந்தது.

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றேன். "மன்னிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் அவர் அழுதார். நன்றி சொன்னார். எனக்கு, என் குடும்பத்துக்கு, வசந்தாவின் தறிக்கு நல்ல வருஷம் அமைய வேண்டும் என்று வாழ்த்தினார். புது வருஷம் பிறப்பதற்கு முன்னால் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் மறுபடி பேசினாள். "நீங்க சொன்ன வார்த்தைலதான் அப்பா நிம்மதியா போனாரு அங்கிள்" என்றாள். தாங்க முடியாமல் அவளிடம் ஒன்று கேட்டேன், வேறு யாருக்காகவோ கேட்பதுபோல. ஒருவருக்குத் துரோகம் செய்து, அவர் இறந்துபோய்விட்டால் உங்கள் வழக்கத்தில் என்ன செய்வார்கள்?

அவள் சொன்னாள்: "சாமிக்குப் பண்ண தப்ப சாமி மன்னிப்பாரு. மனுஷனுக்குப் பண்ணத அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். அவரு இல்லன்னா, பத்துப் பேரக் கூட்டிக்கினு போயி, சமாதி முன்னாடி நின்னு வாய்விட்டுச் சொல்லணும்."

பத்துப் பேர்! உங்களிடம் சொல்கிறேனே, நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான். வீட்டில் இருக்கும் ஒருத்தியிடம் இன்றுவரை சொன்னதில்லை. எத்தனையோ முறை வாயெடுத்தேன். தறியில் உட்கார்ந்திருக்கும் அவள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன வாரம் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. வசந்தா அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே கூரை விரிசலைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

"அவ்ளோ பெரிய சேதம் பண்ணாரும்மா அந்த மனுஷன். எனக்குக் கூட மனசு ஆறல. இவருதான் போன்லயே மன்னிச்சிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு அப்பிடி ஒரு மனசு."

அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.