குற்றாலத் தண்ணீரும் ஒரு சரக்கு விமானமும்

ஒரு சரக்கு விமானத்தை ஓடுபாதையை விட்டுத் தள்ளியது நான்தான் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் தென்காசியில் என் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே.

என் மனைவியின் தம்பி வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். இங்கே குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அங்கே அவனுக்கு இருப்புக்கொள்ளாது. "அத்தான், இங்கன குழாயைத் திறந்தா வெந்நீரு வருது. நீங்க மெயினருவியில நின்னு வீடியோ அனுப்புதிய" என்று புலம்பினான். பாவமாக இருந்தது. ஐந்து லிட்டர் கேனில் அருவித் தண்ணீர் பிடித்தேன். கசியக்கூடாதென்று முக்கால்வாசிதான் நிரப்பினேன். நாலு கைலியைச் சுற்றிப் பெட்டியில் வைத்து, பார்சல் கடையில் கொடுத்த தாளில் 'துணி' என்று மட்டும் எழுதினேன். துணியும் இருந்ததே. ஒரு வாரத்துக்குள் போய்ச் சேரும் என்றார்கள்.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மச்சினன் வேலை பார்க்கும் அதே விமான நிலையம். தரையிறங்கிய சரக்கு விமானம் ஓடுபாதையைத் தாண்டி மண்ணில் மூக்கைக் குத்தி நிற்கிறது. விமானிகள் இருவரும் மருத்துவமனையில்.

டீக்கடையில் அன்று அதே பேச்சு. பறவை மோதியிருக்கும் என்றார் ஒருவர். பேட்டரிப் பெட்டி தீப்பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். விமானத்தில் காலே வைக்காத இருவர், விமானி தூங்கிவிட்டார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். வளைகுடாவில் பல வருடம் விமானத்தில் சரக்கு ஏற்றிவிட்டு ஊர் திரும்பிய பாய் ஒருவர் மட்டும் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. சரக்கை வலை போட்டுத் தரையோட பூட்டணும். ஒரு பூட்டு சரியா விழலைன்னா, பிரேக் போடையில எல்லாம் முன்னால ஓடிரும்."

"தண்ணி மாதிரி ஏதாவது இருந்தா?" என்று கேட்டேன்.

"தண்ணி இன்னும் மோசம். அது நெனச்ச பக்கமெல்லாம் ஓடும்லா."

என் முக்கால் கேனை நினைத்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பயந்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு ஆராய்ச்சி செய்யத் தோன்றியது. மறுநாள் காலை அதே மாதிரி கேனில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, மொபெட்டில் என் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இலத்தூர் சாலைக்குப் போனேன். வேகமெடுத்து பிரேக் போட்டேன். தண்ணீர் முன்னால் பாய்ந்து இடுப்பில் ஒரு குத்து விட்டது. வண்டி வயல் பக்கம் இழுத்தது. கேனை விளிம்புவரை நிரப்பி மறுபடி ஓட்டினேன். இந்தமுறை கேன் சாதுவாக இருந்தது. ஆக, குற்றவாளி அந்தக் கால்வாசி வெற்றிடம். அதை மெனக்கெட்டு விட்டுவைத்தவன் நான்.

ராத்திரி சோறு வேண்டாம் என்றதும் மனைவி விசாரித்தாள். சொல்லிவிட்டேன்.

"அஞ்சு லிட்டரு தண்ணிக்கு ஏரோப்ளேன் தடுமாறுமாக்கும்? அப்ப நீங்க ஏறினா என்ன ஆவும்?"

சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் எங்கோ அந்த விமானிகளின் இரண்டு வீடுகளில் போனைப் பார்த்தபடி யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு அதை விழுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்தே மச்சினனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம்தான் எடுத்தான். விபத்தால் இரட்டை டூட்டியாம்.

"மாப்ளே, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று தொடங்கி, கேன், கைலி, வெற்றிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அத்தான், போலீசுக்கு ஏதும் போன் பண்ணிட்டியளா?"

"இன்னும் இல்ல."

"பண்ணிராதிய. பெட்டி புதன்கிழமையே பயணிகள் விமானத்துல வந்துட்டு. சொல்ல மறந்துட்டேன். நாலு கைலியும் ஒரு சீட்டும்தான் உள்ள இருந்துச்சு. கேனைத் திருவனந்தபுரத்துலயே ஸ்கேன்ல பாத்து எடுத்துட்டாங்களாம்."

"அப்ப அந்த விமானம்?"

அது மண்ணில் ஓடியதை அவன் தன் வண்டியிலிருந்து கண்ணால் பார்த்திருக்கிறான். அந்த விமானம் இந்தியாவிலிருந்து வரவே இல்லை. சரக்கு ஏற்றிப்போக வேறொரு நாட்டிலிருந்து காலியாக வந்தது. தரையைத் தொட்டதும் இரண்டு டயர்கள் வெடித்தன. விமானிகள் இருவரும் சனிக்கிழமையே மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார்கள்.