குமிழி இல்லாத அச்சு

இது நடந்தது. கதை கட்டுவதற்கு எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இருட்டிய பிறகும் செம்பனைத் தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளில் தனியாக வீட்டுக்குப் போகிறவள் நான். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "வந்தா பல்லைக் காட்டச் சொல்லு, பாத்து அனுப்புறேன்" என்று கிண்டல் செய்வேன். இப்போது அந்தக் கிண்டல் என் வாயில் வருவதில்லை.

ரெம்பாவ் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் நான் மிஸ்ஸி, டாக்டருக்குக் கூட நின்று உதவுகிற நர்ஸ். பெயர் குமுதவல்லி. டாக்டர் தனேஸ்வரன் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் அச்செடுக்கும் பவுடரை நான் கலக்கினால் அதில் குமிழி இருக்காது. ரப்பர் கிண்ணத்தில் பவுடரையும் தண்ணீரையும் போட்டு, கிண்ணத்தின் சுவரோடு அழுத்தி அழுத்தித் தேய்த்து, காற்றை வெளியே தள்ளிவிட வேண்டும். கொஞ்சம் காற்று தங்கினாலும் அச்சில் ஒரு குழி விழும். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் அந்த இடத்தில் ஒரு குருணை துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் பல்செட் எங்கே உட்காரும்? என் கையில் அப்படி வந்ததே கிடையாது.

போன வருடம், தீபாவளி முடிந்து கொஞ்ச நாள். சாயங்காலம் கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில், கொட்டுகிற மழையில் ஒரு அக்கா வந்தார். பெயர் தாயம்மா. பக்கத்துத் தோட்டம். அறுபது வயதிருக்கும். வாயில் ஒரு பல்கூட இல்லை.

"பல்லு கட்டணும் மிஸ்ஸி. சீக்கிரமா கட்டணும்."

"என்னக்கா இவ்ளோ அவசரம்? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சும்மா இரு லா. என் மகன் வந்துருவான். அவன் போறப்ப எனக்குப் பல்லு இருந்துச்சு. இப்படிப் பாத்தா அவனுக்கு அடையாளம் தெரியாது."

மகன் பெயர் முகுந்தன். ஒரே பிள்ளை. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தைய வாரம், வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போலீஸில் சொல்லியும் தகவல் இல்லை. தோட்டத்து வாய் சும்மா இருக்குமா? எவளையோ கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான் என்று பேசினார்கள். கவலையில் அக்காவுக்குப் பல்லெல்லாம் ஆடி விழுந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முகம் தெரியாத அந்தப் பையன் மேல் கோபம் கோபமாக வந்தது.

முதலில் கீழ்த்தாடை. டாக்டர் விரலால் ஈறு முழுவதும் தடவிப் பார்த்தார். வெறும் ஈறு. நான் பவுடரைக் கலக்கினேன். எப்போதும் மிட்டாய் வாசம் அடிக்கும் பவுடர் அது. அன்று மண் வாசம் அடித்தது... ஈர மண். மழைக்குக் குழாய்த் தண்ணீர் கலங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "ரப்பர் பால்மரம் வெட்டுன காலத்துல தட்டுல பால் ஒறையும் பாரு, அதே மாதிரி இருக்கு."

டாக்டர் கலவையை இரும்பு ட்ரேயில் நிரப்பி வாயில் வைத்து அழுத்தினார். அக்காவுக்குக் குமட்டியது. எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

"மூக்கால மூச்சு விடுங்கக்கா. வாயை மறந்துட்டு வேற எதையாச்சும் நெனச்சுக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

கூரையில் மழை. வேறு சத்தமில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு.

கிர்ர்ர்...

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

கிர்ர்ர்... கடக்.

பல் இரும்பில் உரசும் சத்தம். எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"கடிக்காதீங்கக்கா..." என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எதை வைத்துக் கடிப்பார்?

அச்சு இறுகியது. டாக்டர் ட்ரேயைத் தூக்கினார். வரவில்லை. பல் இல்லாத வாயிலிருந்து அது லேசாகக் கழன்று வந்துவிடும். அன்று யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பலமாக இழுத்தார். பொளக்!

பல் இல்லாத வாயின் அச்சு வழவழவென்று ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். அவ்வளவுதான் இருக்க முடியும்.

இதில் குழிகள் இருந்தன. வரிசையாக. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை... பற்கள்.

டாக்டர் மறுபடியும் அக்காவின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். வெறும் ஈறு.

"வேற யாரோட ட்ரேயாச்சும்...?"

"உங்க கையாலதானே டாக்டர் வெளிய எடுத்தீங்க!"

புது ட்ரே. புதுப் பவுடர். இன்னொரு தடவை எடுத்தோம்.

அதே பற்கள்.

பழக்கதோஷத்தில் பிளாஸ்டரை ஊற்றினேன். மழை விடவில்லை. அக்கா வெளியே உட்கார்ந்து காத்திருந்தார். இறுகியதும் உரித்து எடுத்தேன்.

இளவயதுப் பற்கள். ஆனால் நீளமாக இருந்தன. ஈறே இல்லாத மாதிரி, வேர்வரை தெரிந்தன. முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தெற்றுப்பல். கடைசி இரண்டு பற்களுக்கு நடுவில்... ஒரு குருணை.

குமிழி! என் கையிலா? அந்தப் பயத்திலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

"காட்டு மிஸ்ஸி."

அக்கா என் பின்னால் நின்றிருந்தார். மறைக்கப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார். விரலால் தடவினார். உடைந்த ஓரத்தில் விரல் நின்றது.

"சின்னதுல சைக்கிள்ல விழுந்து ஒடச்சான்..."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வேற எதையாச்சும் நெனைக்கச் சொன்னியே மிஸ்ஸி. நான் அவனைத்தான் நெனச்சேன்."

முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பொங்கல் கழிந்து, அந்தத் தோட்டத்தில் பழைய செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு வேலை தொடங்கியது. மண் வாரும் இயந்திரம் ஒரு பழைய வடிகாலைத் தோண்டியது. முதலில் மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் அடியில் சேற்றில் அவன். பெரிய சாலையிலிருந்து வீடுகளுக்கு வரும் குறுக்குப் பாதை அது. மழையில் சறுக்கி உள்ளே போயிருக்கிறான், கரை மண் சரிந்து மூடியிருக்கிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் அக்கா வீட்டு அடுப்படி விளக்கு தெரியும்.

அவன் ஆயுசில் பல் டாக்டரிடம் போனதில்லை. ஒத்துப்பார்க்க எதுவும் இல்லை. அக்கா சாமி படத்தருகே வைத்திருந்த பிளாஸ்டரைக் கொண்டுபோய்ப் போலீஸ்காரர் முன்னால் வைத்திருக்கிறார். எங்கள் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவர் என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒடஞ்ச பல்லு சரியா இருக்கு. தெத்துப்பல்லும் சரியா இருக்கு." நிறுத்தினார். "குமுதா... அது குமிழி இல்ல."

"என்ன டாக்டர்?"

"கடைசி ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு செம்மண் கல்லு சிக்கியிருந்துச்சு. அதே எடம். அதே அளவு."

உயிரோடு இருந்தவனின் அச்சு இல்லை அது. அந்த மழைநாளில், மணி ஆறுக்கு, மண்ணுக்குள் அவன் எப்படிக் கிடந்தானோ அந்த அச்சு.

பிள்ளை மனம் கல்லு என்றேனே.

சவ எடுப்பன்று அக்கா அழவில்லை. வந்தவர்கள் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார். "என் பிள்ள ஓடிப் போகல. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தான்."

கருமாதி முடிந்து, ஒரு பகல் நேரம் கிளினிக்குக்கு வந்தார். நல்ல வெயில். பல் கட்டத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. சாப்பிடட்டும், பாவம்.

பவுடரில் மிட்டாய் வாசம் அடித்தது. ட்ரேயை வைத்ததும், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் எதுவும் இல்லை. ட்ரே லேசாகக் கழன்று வந்தது.

"குடு மிஸ்ஸி."

கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வழவழவென்று ஒரு வாய்க்கால். ஒரு குழி இல்லை, ஒரு குமிழி இல்லை. விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். மறுபடியும் தடவினார்.

"நல்லாத்தான் நெனச்சேன் மிஸ்ஸி..."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாமா?"

"எடுக்கலாங்கக்கா" என்றேன். கிண்ணத்தைக் கழுவி, பவுடரைக் கொட்டி, தண்ணீரை ஊற்றினேன். அன்றைக்குத்தான் என் ஆயுசில் முதல் தடவையாக, காற்றை வெளியே தள்ளாமல் கலக்கினேன். ஒரு சின்னக் குழியாவது இருக்கட்டும், அவர் விரலுக்கு.