தீவில் ஒரு மொட்டை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளானூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் நின்றுகொண்டு அண்ணாத்தே தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார். உள்ளே முடி இல்லை. மழமழவென்று மொட்டை, அதன்மேல் அப்பிய சந்தனம். தாடி மீசையும் போயிருந்தன. மாதக்கணக்கில் அந்த முடியைக் காவல் காத்தவன் நான்தான்.

வானகரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் மேல்வீட்டு அக்கா ஒருவர் உண்டு. கோயம்புத்தூர்க்காரர். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் கம்பெனி, சனி ஞாயிறு சினிமா. புயலில் படகு கவிழ்ந்து, முன்பின் தெரியாத நான்கு பேர் ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்குகிறார்கள். இந்தக் கதையை முழுநீளப் படமாக எடுக்கக் கிளம்பியிருந்தார். தயாரிப்பாளர் கிடையாது, பெரிய நடிகர் கிடையாது, அந்தமான் போக வழியும் கிடையாது. கடலைப் பழவேற்காட்டில் எடுத்துக்கொண்டு, தீவை வெள்ளானூர்ப் பக்கத்து ஏரி நடுவே இருந்த ஒரு மேட்டில் எடுத்தார். கருவேல மரங்கள் தெரியாமலிருக்கத் தென்னை ஓலைகளைக் கட்டி மறைப்போம். தூரத்தில் ரயில் கூவினால் எல்லோரும் வசனத்தை விழுங்கிவிட்டுக் காத்திருப்போம். இதற்கு முன் இரண்டு படங்களைத் தொடங்கிப் பாதியில் விட்டவர் அக்கா. "இதும் நின்னு போச்சுன்னா இனிமே கேமராவத் தொட மாட்டனுங்க" என்று எங்களிடம் சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

என்னை அவர் பிடித்ததே வேடிக்கை. "நீங்க ஆபீஸ்ல அடுத்தவங்க சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கற ஆளுதானுங்களே? இங்க வந்தும் அதையே பண்ணுங்க" என்றார். போன வாரம் எடுத்த காட்சியில் சட்டைப் பொத்தான் எப்படி இருந்ததோ, இந்த வாரமும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சினிமாவில் அதற்குக் கண்டினியூட்டி என்று பெயர். குறை கண்டுபிடிப்பது என் பிறவிக் குணம் என்று வீட்டில் சொல்வார்கள். அது உபயோகப்பட்ட ஒரே இடம் அந்த ஏரிதான்.

அண்ணாத்தே எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வருகிறவர். வெள்ளானூரில் பல தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலமெல்லாம் வீட்டு மனையான பிறகு லாரி வாங்கியிருந்தார். காடாக வளர்ந்த முடியும் தாடியுமாக அவர் வால்வைத் திருகிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்த அக்கா, "நம்ம தீவுல ஒதுங்கின ஆளு இவருதான்" என்று கூவிக்கொண்டே படியிறங்கி ஓடினாராம். படத்தில் அவருக்கு வசனமே அதிகம் கிடையாது. மற்ற மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், இவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் பார்த்தால் போதும், நாமும் அந்தப் பக்கம் திரும்பிப் படகு தேடுவோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அவருக்குப் போன் போடுவேன். "அண்ணாத்தே, முடி இருக்கா?" "கீது தம்பி, அது எங்க ஓடிப் போவும்?" இதுதான் எங்கள் வாராந்தரப் பேச்சு.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. மீட்புப் படகு வருவதை அண்ணாத்தேதான் முதலில் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தால் முடியும் தாடியும் உனக்கே என்று ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். பெண் குழந்தை, இருவரும் நலம். அக்காவிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டைரக்டரம்மா, இந்த முடி இப்ப என்துல்ல. ஆத்தாளோடது. நான் சும்மா வச்சிகினு கீறேன்." அக்கா ஒரே ஒரு ஞாயிறு கேட்டார். சரியென்றார் அண்ணாத்தே. அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறும் மழை. பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சாமிக்குச் சொன்னதைத் தராமல் ஆட்டம் காட்டினால் இப்படித்தான் என்று அவர் மனைவி அழுதிருக்கிறார். அதற்குமேல் எந்தத் தாத்தாவால் பொறுக்க முடியும்? விடிந்ததும் கோயிலுக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக எங்களிடம் வந்திருந்தார்.

அக்கா கேமராப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். நான்தான் பொறுக்கமாட்டாமல், "விக்கு வச்சிரலாம்" என்றேன். அண்ணாத்தே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குடுத்த தலைல இன்னொருத்தன் முடிய வெக்க சொல்றியே நைனா, ஆத்தா சிரிப்பா. மன்ச்சிக்கோங்க டைரக்டரம்மா. வேற இன்னா சொன்னாலும் செய்றேன்."

அக்கா முதலில் கேட்டது படத்தைப் பற்றியல்ல. "பாப்பாவுக்கு இப்ப எப்படீங்க இருக்கு?"

"ஜொரம் உட்டுச்சிம்மா. காலைல பால் குட்ச்சிட்டு தூங்குது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படியொரு தெளிச்சல். அக்கா சட்டென்று எழுந்தார். "அப்படியே போய் நில்லுங்க. சந்தனத்தத் துடைக்க வேண்டாம். படகு வருது, பாருங்க." எடுத்துவிட்டார். ஒரே டேக். எடுத்து முடித்ததும் நான் குதித்தேன். "அக்கா, போன சீன்ல தலை நிறைய முடி. இந்த சீன்ல மொட்டை. தீவுல சவரக் கத்தி ஏது? சந்தனம் ஏது? படம் பார்க்கிறவன் விழுந்து விழுந்து சிரிப்பான்!" அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சிரிச்சா சிரிக்கட்டுமுங்க. இத விட நல்ல மூஞ்சி எனக்குக் கிடைக்காது" என்றார். சொன்னாரே தவிர, எடுத்ததைத் திரும்பத் திரும்பக் கேமராவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் வெட்டி ஒட்டி முடிந்ததும் எங்கள் அடுக்ககத்து மண்டபத்தில், திரை கட்டி முதல் காட்சி. வெள்ளானூரிலிருந்தும் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். நாற்காலி இருந்தும் அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசிக் காட்சி நெருங்க நெருங்க நான் பின்வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திரையில் மொட்டை வந்தது. பின்வரிசையில் எங்கள் அடுக்ககத்துப் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். போச்சு, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மாவின் குரல் ஓங்கிக் கேட்டது. "சாமிக்குத் தலைய குட்த்துட்டான்டி. இனிமே போட்டு வந்துரும் பாரேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, திரையில் படகு வந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ கை தட்ட, மண்டபமே தட்டியது. பின்வரிசைச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் இப்போது அடுத்த படத்துக்கு இடம் தேடி நூம்பல் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பிறவிக் குணம் சும்மா இருக்குமா? எல்லோரும் வேனில் ஏறும்போது அந்தப் பெரியம்மாவைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். "அதெல்லாம் சரிம்மா, தீவுல கத்தி ஏது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா கண்ணு, உசிரு பொழ்ச்சி வந்த மன்சன் முன்னால நிக்கிறான். அவன சாப்டியான்னு கேப்பியா, கத்தி ஏதுன்னு கேப்பியா?"